வேரைக் கண்டு வைத்த பெயர்கள்

சேலத்திலிருந்து மலைப்பாதையில் ஏறி ஏற்காட்டுக்கு வருவோர், சாலையோரக் கடைகளில் விந்தையான பண்டம் ஒன்றைக் காண்பர். பழுப்பு நிற உரோமம் அடர்ந்து, ஒரு சாண் நீளத்தில், ஆங்காங்கே முடிச்சு விட்டு வளைந்து, அப்போதுதான் வெட்டிப் போட்ட ஆட்டுக்காலைப் போன்றே அது தோன்றும். சென்ற ஐப்பசி மாதத்தில் வாழவந்தி ஊராட்சிக்கு அலுவல் நிமித்தம் சென்று திரும்புகையில், வெளியூர்க் குடும்பம் ஒன்று இப்பண்டத்தைக் கூடையில் வைத்து விற்ற ஓர் அம்மையாரிடம், “இது எந்த விலங்கின் கால்?” என்று வினவுவதைச் செவியுற்றேன். அம்மையார் சிரித்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். உரோமம் விலகிய இடத்தில் பச்சை நிறம் தெரிந்தது. குழந்தைகள் அப்போதும் நம்பவில்லை.

இதுவே முடவாட்டுக்கால் கிழங்கு. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் இதனை நெடுங்காலமாக அறிவர். ஆட்டுக்கால் கிழங்கு என்று சுருக்கமாகவும் வழங்குவதுண்டு. முடவனுக்கும் கால் தரும் ஆட்டுக்கால் என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். வேலியில் படரும் முடக்கற்றான் கொடி வேறு, இது வேறு. இரண்டுக்கும் மூட்டு வலியோடு தொடர்பு சொல்லப்படுவதாலும், பெயரின் முதற்பகுதி ஒத்திருப்பதாலும் நகரத்தார் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுகின்றனர்.

நம் மலைகளில் விளையும் செடிகளுட் சில இவ்வாறு பூவைக் கொண்டோ இலையைக் கொண்டோ பெயர் பெறாமல், மண்ணுக்குள்ளோ பாறை இடுக்கிலோ மறைந்து கிடக்கும் பகுதியின் உருவத்தைக் கொண்டு பெயர் பெற்றுள்ளன. பூவை வழிப்போக்கனும் காண்பான். வேரைக் காண வேண்டுமாயின் தோண்ட வேண்டும். ஆகவே இத்தகைய பெயர்களை வைத்தவர்கள் தோண்டியவர்களே என்பதில் ஐயமில்லை. அப்பெயர்களைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் எழுத எண்ணியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பெயரின் பொருளை மறந்தால் சில வேளைகளில் உயிருக்கே கேடு விளையும். மற்றொன்று, தோண்டும் முறை தவறினால் பெயர் மட்டும் எஞ்சிச் செடி மறைந்துவிடும்.

முதலில் ஆட்டுக்காலைப் பார்ப்போம். கிழங்கு என்று அழைத்தாலும் இது கிழங்கன்று; வேருமன்று. இது பெரணி வகையைச் சேர்ந்த செடியின் தண்டு. நிமிர்ந்து வளராமல் பாறையின் மீதும் மரத்தின் மீதும் படிந்து ஊர்ந்து செல்வதால் இத்தகைய தண்டை வேர்த்தண்டு என்பர். உண்மையான வேர்கள் அதன் அடிப்பக்கத்தில் மெல்லிய இழைகளாக இருந்து பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும். உரோமம் என நம் கண்ணுக்குத் தோன்றுவனவும் உரோமமல்ல. நெருக்கமாக அடுக்கப்பட்ட குறுகிய செதில்களாம். கோடை வெயிலில் தண்டு உலர்ந்துவிடாமல் காப்பது இப்போர்வையே.

இச்செடியின் இலைகளைக் கூர்ந்து நோக்கியவர்கள் மிகச் சிலரே. ஒரே தண்டில் இரு வகை இலைகள் உண்டு. ஒரு வகை பச்சையாக, ஆழமாகக் கிழிந்த மடல்களுடன், இரண்டு மூன்று அடி வரை நீண்டு நிற்கும். இவற்றின் அடிப்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தோன்றும் தூளே இச்செடிக்கு விதையின் வேலையைச் செய்வது. மற்றொரு வகை குட்டையானது. தண்டை ஒட்டிக் கிண்ணம் போல் கவிந்திருக்கும். இது விரைவில் பழுத்துக் காய்ந்து பழுப்பு நிறமாகிவிடும்; ஆயினும் உதிராது. மேலிருந்து விழும் சருகும் தூசும் மழைநீரும் இக்கிண்ணங்களில் தங்கி மக்கி உரமாகின்றன. மண்ணில்லாத பாறையில் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்ளும் செடி இது. கோடையில் பச்சை இலைகள் உதிர்ந்து காய்ந்த கிண்ணங்கள் மட்டுமே நிற்கும். செடி பட்டுவிட்டதென எண்ணிவிடலாகாது. மழை பெய்ததும் தண்டின் நுனியிலிருந்து மீண்டும் பச்சை இலை எழும்.

இத்தண்டைக் காலுக்கு ஒப்பிட்டவர்கள் நம்மவர் மட்டுமல்லர். ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இச்செடியைப் ‘பாலிப்போடியம்’ என்ற இனத்தில் சேர்த்தார். அது பழைய கிரேக்கப் பெயர். ‘பல கால்கள்’ என்பது பொருள். பின்னர் இச்செடி ‘ட்ரைனேரியா’ என வேறு பெயர் பெற்றது எனினும், குடும்பப் பெயரில் அந்தக் கால்கள் இன்றும் நிற்கின்றன. ஐரோப்பாவில் இதனினும் வேடிக்கையான கதை ஒன்று வழங்கிற்று. தார்த்தாரி நாட்டில் ஆட்டுக்குட்டியையே காயாகக் காய்க்கும் செடி உண்டென்று பல நூற்றாண்டுகள் நம்பினர். சான்றாக உரோமம் நிறைந்த ஆட்டுக்குட்டி உருவங்களையும் காட்டினர். இலண்டன் இராயல் சங்கத்தில் 1698ஆம் ஆண்டில் ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர் அத்தகைய உருவம் ஒன்றை ஆராய்ந்து, அது சீனத்திலிருந்து வந்த ஒரு பெரணியின் தண்டை ஆட்டுக்குட்டி போல் செதுக்கியதே என்று தெளிவுபடுத்தினார். வாழவந்திச் சாலையில் நம் அம்மையார் நகத்தால் கீறிக் காட்டியதும் அதே ஆராய்ச்சிதான். சீனத்தில் இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு பெரணியின் தண்டுக்கு, முறிந்த எலும்பைச் சேர்ப்பது என்னும் பொருள்படும் பெயர் வழங்குகிறது. ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டு மக்கள் எலும்பு, மூட்டு ஆகியவற்றோடே இச்செடியைச் சேர்த்துப் பேசியுள்ளனர்.

மூட்டு வலிக்கு இது மருந்தா என்று பலர் வினவுகின்றனர். மேல்தோலைச் சீவி நீக்கி, நறுக்கி இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாறு மலைக்கு வருவோர் விரும்பிப் பருகும் ‘சூப்’ ஆகிவிட்டது. ஆய்வுக்கூடங்களில் எலிகளிடம் சோதித்தபோது இத்தண்டின் சாறு வீக்கத்தையும் வலியையும் தணித்ததாக அறிஞர்கள் எழுதியுள்ளனர். எலியிடம் கண்டது மனிதரிடம் நிலைநாட்டப்பட்டதாகாது. உணவாகப் பருகுவதில் தடையொன்றுமில்லை. ஆனால் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதனை மட்டும் நம்புவோரை நான் கண்டிருக்கிறேன். அது தகாது.

காப்பித் தோட்டமுடையோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நிழல் மரங்களில் இப்பெரணி படர்ந்திருப்பதைக் கண்டு, மரத்தின் சத்தை உறிஞ்சுகிறது எனக் கருதிச் சிலர் சுரண்டி எறிகின்றனர். புல்லுருவி மரத்தின் உள்ளே தன் வேரைச் செலுத்தி அதன் சாற்றை உண்ணும். அதனை அகற்றுவது முறையே. ஆட்டுக்காலோ பட்டையின் மேல் மட்டுமே பற்றி நிற்பது. அது உண்பது தன் கிண்ணத்தில் சேர்ந்த சருகைத்தான். உளுத்துப்போன கிளையில் மிகுதியாகப் படர்ந்து பாரமானாலொழிய, அதனால் மரத்துக்குத் தீங்கில்லை.

இனி மண்ணுக்குள் விளைவதைக் காண்போம். நம் மாநில மலராகிய செங்காந்தளை அறியாதார் இலர். சங்கப் புலவர்கள் அதன் பூவைக் கண்டு காந்தள் என்றனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் பூக்களுள் முதலில் நிற்பது காந்தளே. ஈழத் தமிழர் அது பூக்கும் மாதத்தைக் கண்டு கார்த்திகைப்பூ என்றனர். உழவனோ நிலத்தைக் கொத்துகையில் கையில் அகப்பட்ட கிழங்கைக் கண்டு கலப்பைக் கிழங்கு என்றான். வடமொழியிலும் இதற்கு ‘லாங்கலி’ என்ற பெயருண்டு. லாங்கலம் என்றால் கலப்பையே.

இக்கிழங்கைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். விரல் பருமனுள்ள இரு கைகள் ஓரிடத்தில் சேர்ந்து, ஏர்க்காலும் கலப்பைக் கட்டையும் கூடுவது போல் முடங்கி நிற்கும். ஒவ்வொரு கையும் முனை நோக்கிச் சிறுத்துச் செல்லும். முளை இருப்பது அம்முனையில். முனை ஒடிந்தால் கிழங்கு முளைக்காது. ஒவ்வொரு பருவத்திலும் பழைய கிழங்கு தன் சத்தைச் செடிக்குக் கொடுத்து வற்றிவிட, அதன் இடத்தில் புதிய கலப்பை ஒன்று உருவாகும். திருப்பூர், திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரில் இதனைப் பந்தலிட்டுப் பயிர் செய்கின்றனர். காலை நேரத்தில் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைத்து, காய் பிடிக்கச் செய்கின்றனர். விதைக்காகவே இத்தனை பாடு. விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் என்னும் பொருள், கௌட் என்ற மூட்டு நோய்க்கு மிகச் சிறிய அளவில் மருந்தாகிறது.

அதே பொருள் அளவு மீறினால் நஞ்சு. செடியின் எல்லாப் பகுதியிலும் இந்நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. வேகவைத்தாலும் அதனை நம்பி உண்ணலாகாது. நான் முன்பு பணியாற்றிய வேறோர் ஒன்றியத்தில் நேர்ந்ததைச் சொல்கிறேன். வேலியோரம் கொத்துகையில் கிடைத்த கிழங்குகளைக் காட்டு வள்ளிக்கிழங்கு எனக் கருதி ஒரு வீட்டில் அவித்து உண்டனர். மூன்று மணி நேரத்தில் தொண்டை எரிச்சலும் வாந்தியும் பேதியும் கண்டன. கெட்டுப்போன உணவின் விளைவு என்றே முதலில் யாவரும் எண்ணினர். மருத்துவமனையில் செவிலியர் ஒருவர், மீந்த கிழங்கோ தோலோ இருந்தால் எடுத்து வருமாறு சொல்லியனுப்பினார். குப்பையில் கிடந்த ஒரு துண்டைக் கொண்டு வந்தனர். அதைக் கண்ட முதியவர் ஒருவர், “இது கலப்பை அல்லவா!” என்று அலறினார். மூவரும் பிழைத்தனர். எனினும் இரண்டு வாரம் கழித்து அவ்வீட்டுப் பெண்மணிக்குத் தலைமயிர் முழுவதும் கொட்டிப்போயிற்று. மீண்டும் வளர மாதங்கள் பலவாயின. இந்நஞ்சு வயிற்றோடு நிற்பதன்று. எலும்பினுள் இரத்தம் ஊறும் இடத்தையும் அது தாக்குவதால், வாந்தி நின்றதும் ஆபத்து நீங்கிற்று என எண்ணி வீடு திரும்புதல் கூடாது.

அன்றிரவு நான் எண்ணியது ஒன்று. அம்முதியவர் அறிந்த பெயரை அவ்வீட்டு இளைஞரும் செவிவழி அறிந்தே இருந்தார். ஆனால் அவர் மரக்கலப்பையைக் கையால் பிடித்தவரல்லர். டிராக்டரைக் கண்டு வளர்ந்தவர். ஏர்க்கால் இன்னது, அது கட்டையோடு சேரும் கோணம் இன்னது என்று அறியாதவருக்குக் கலப்பைக் கிழங்கு என்பது வெறும் சொல். பெயரில் அடங்கியிருந்த எச்சரிக்கை அவருக்கு எட்டவில்லை.

ஆகவே அடையாளத்தை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். செடி பசுமையாக இருக்கும்போது குழப்பத்துக்கு இடமில்லை. காந்தளின் இலை நீண்டு ஒடுங்கி, அதன் நுனியே நூல் போல் சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பற்றிக்கொள்ளும். வள்ளி, கவலை முதலிய காட்டுக் கிழங்குக் கொடிகளில் இலை நுனி அவ்வாறு சுருளாது. கொடியே மரத்தைச் சுற்றி ஏறும். இலையின் அடியிலிருந்து பல நரம்புகள் நுனி நோக்கி வளைந்து செல்லும். இடர்ப்பாடு எழுவது தை, மாசி மாதங்களில்தான். அப்போது இரண்டின் கொடியும் காய்ந்து மறைந்துவிடும். கிழங்கு தோண்டுவதும் அப்பருவத்திலேயே. இரு கை கூடிய முடங்கல் வடிவில், கை முனைகள் கூர்ந்து, மெல்லிய பழுப்புத் தோலுக்குள் வெண்மையாக இருக்கும் கிழங்கு எதுவாயினும் அதனை உண்ணலாகாது. ஒரு கை ஒடிந்து ஒற்றையாகக் கிடைத்தால் வடிவமும் உதவாது. கொடியைக் கண்ணால் பார்க்காத கிழங்கை அடுப்பில் ஏற்ற வேண்டா. தவறி உண்டுவிட்டால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் 108 வாகனத்தை அழைத்து, மீந்த துண்டையும் உடன் எடுத்துச் செல்க.

வேரின் தோற்றத்தால் பெயர் பெற்றவை வேறு சிலவும் உண்டு. தண்ணீர்விட்டான் கிழங்கை வடமொழியில் சதமூலி, அதாவது நூறு வேர் என்பர். ஒரு தூரைத் தோண்டினால் விரல் விரலாக நீர் நிறைந்த கிழங்குகள் கொத்தாக வரும். உண்மையிலேயே நூறு இருக்குமா என நான் எண்ணியதில்லை. ஆகாசக் கருடன் கிழங்கை நகரங்களில் கயிற்றில் கட்டி வாயிலில் தொங்கவிடுகின்றனர். மண்ணும் நீருமின்றி அது முளைவிட்டுக் கொடி இறக்குவதைக் கண்டு, வானில் பறக்கும் கருடன் எனப் பெயரிட்டனர் என்பர். தன்னுள் சேர்த்துவைத்த நீரையும் சத்தையும் கொண்டே அது முளைக்கிறது; சேமிப்புத் தீர்ந்ததும் வாடிவிடும். உடனே கடைக்குச் சென்று மற்றொன்று வாங்கிக் கட்டுகின்றனர். இவ்வாறு வாயிலில் தொங்கிக் காயும் ஒவ்வொரு கிழங்கும் எங்கோ ஒரு காட்டில் கொடியோடு பிடுங்கப்பட்டதே.

வடிவத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றமும் நேரும். கோயில் நகரங்களில் மத்தளம் போன்ற பெரிய சிவந்த உருளை ஒன்றை வைத்து, மெல்லிய சீவல்களாக அரிந்து, இராமர் வனவாசத்தில் உண்ட கிழங்கு என விற்பதைப் பலரும் கண்டிருப்பர். அறிவியலார் அதனைச் சோதித்து, கிழங்கே அன்று, நம் வேலிகளில் நிற்கும் இரயில் கற்றாழை இனத்தின் அடித்தண்டு என்று கண்டுள்ளனர்.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. அங்கே பூக்களின் அழகைக் கண்டு வியப்போர், ஆர்க்கிட் என்ற சொல்லே ஒரு வேர்ப்பெயர் என்பதை அறியார். கிரேக்க நாட்டில் தரையில் வளரும் இவ்வகைச் செடிகளுக்கு, சென்ற பருவத்துக் கிழங்கும் புதிய கிழங்குமாக இரண்டு உருண்டைகள் அருகருகே இருக்கும். அவற்றை ஆண் விதைக்கு ஒப்பிட்டு ‘ஆர்க்கிஸ்’ என்றனர். நம் மலை மரங்களில் தொற்றி வாழும் ஆர்க்கிடுகளுக்கு அத்தகைய கிழங்கே இல்லை. ஆயினும் பெயர் குடும்பம் முழுமைக்கும் பரவிவிட்டது. உருவம் அவ்வாறிருப்பதால் ஆண்மை தரும் என்ற நம்பிக்கையும் பெயரோடு வந்தது. துருக்கியிலும் ஈரானிலும் இக்கிழங்கை உலர்த்திச் ‘சாலேப்’ என்னும் மாவாக்குகின்றனர். ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள் வேண்டும்; ஒவ்வொரு கிழங்கும் ஒரு செடி. அந்நாடுகளின் புல்வெளிகளில் பல இனங்கள் அருகிப்போனதற்கு இம்மாவு பெரியதொரு காரணமாயிற்று.

இதற்கு மாறான முறையும் உலகில் உண்டு. சீனர் மனித உருவம் கண்டு ‘மனித வேர்’ எனப் பெயரிட்ட ஜின்செங் வேர் அமெரிக்கக் காடுகளிலும் விளைகிறது. அங்குள்ள இனம் 1975ஆம் ஆண்டிலிருந்து பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டில் உள்ளது. ஐந்து ஆண்டு நிறைவுறாத காட்டுச் செடியின் வேரை ஏற்றுமதி செய்ய இயலாது. ஆண்டுதோறும் தண்டு உதிரும்போது வேரின் கழுத்தில் ஒரு தழும்பு விழும். அதனை எண்ணி வயதை அறிவர். பழம் பழுத்த பின்னரே தோண்ட வேண்டும் என்றும், அப்பழத்தின் விதையைத் தோண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும் என்றும் பல மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. நம் நாட்டுப் பழங்குடி மக்களுள் பலர் சட்டமின்றியே இதனைச் செய்து வந்துள்ளனர். காட்டு வள்ளியைத் தோண்டியவுடன் கொடி சேர்ந்த தலைப்பகுதியை வெட்டி, அதே குழியில் மண் மூடி வருவது அவர்தம் வழக்கம்.

ஆட்டுக்கால் விற்ற அம்மையாரிடம் நான் இதைப் பற்றியே உரையாடினேன். “முன்னெல்லாம் வீட்டுக்குப் பின்னால இருக்கிற பாறையிலேயே கிடைக்குங்க, சார். இப்ப அரை நாள் நடந்து போய் எடுக்க வேண்டியிருக்குது. வெளியாள் வந்து மூட்டை மூட்டையா வழிச்சுக்கிட்டுப் போறாங்க” என்றார். நுனியை விட்டுவைப்பதுண்டா என்று கேட்டதற்கு, தம் மாமியார் அவ்வாறே செய்வார் என்றும், தாம் விட்டுவைத்தாலும் பின்னால் வருபவர் அதையும் எடுத்துவிடுகின்றனர் என்றும் கூறினார். அவர் மறுமொழி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஒருவர் மட்டும் முறையாக எடுப்பதால் பயனில்லை; ஊர் முழுவதும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். அங்கேதான் ஊராட்சிக்கு வேலை இருக்கிறது.

பெரணி மெல்ல வளர்வது. தூளிலிருந்து புதுச்செடி உண்டாகி விற்கும் அளவுக்குத் தண்டு பருக்க ஆண்டுகள் பல செல்லும். தண்டு முன்னேறுவது நுனியால். பக்கக் கிளைகள் வழியாகவும் பரவும். ஆதலின் பாறையில் உள்ள திரளை ஒட்டுமொத்தமாக உரித்தெடுக்காமல், பழைய பின்பகுதியை மட்டும் கத்தியால் அறுத்தெடுத்து, காய்ந்த கிண்ண இலைகளோடு கூடிய நுனிகளை அப்படியே விட வேண்டும். ஒரு திரளில் பாதிக்கு மேல் எடுக்காமலும், ஒருமுறை எடுத்த பாறையைச் சில ஆண்டுகள் தொடாமலும் இருப்பது நலம். எத்தனை ஆண்டு என்பதை அவ்விடத்தின் ஈரத்தையும் நிழலையும் அறிந்த ஊர்ப் பெரியவர்களே முடிவு செய்யத் தக்கவர்கள்.

இதற்குரிய அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது. வன உரிமைச் சட்டம், 2006, சிறு வன மகசூல் என்பதன் விளக்கத்தில் வேர்களையும் கிழங்குகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவற்றைச் சேகரிக்கவும் விற்கவும் உள்ள உரிமை, தகுதியுடைய பழங்குடியினருக்கும் வழிவழியாகக் காட்டை நம்பி வாழ்வோருக்கும் உரியது. அதே சட்டம் காட்டுச் செல்வத்தைக் காக்கும் பொறுப்பைக் கிராம சபைக்கும் தருகிறது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 2002, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதச் சொல்கிறது. இப்பதிவேடு பல ஊர்களில் பெயர்ப்பட்டியலாகவே முடிந்துவிடுகிறது என்பதை ஓர் அலுவலனாகிய நானே ஒப்புக்கொள்ள வேண்டும். ‘கலப்பைக் கிழங்கு – ஒன்று’ என்று எழுதிவிட்டால் யாருக்குப் பயன்? பெயருக்கு எதிரே அதன் காரணத்தையும், கிழங்கின் படத்தையும் இலையின் படத்தையும், உண்ணத் தக்கதா நஞ்சா என்பதையும், தோண்டும் பருவத்தையும் எழுதுக. எழுதுவதற்குப் பள்ளி மாணவரைப் பெரியவர்களோடு அனுப்பலாம். வைத்தியம் அறிந்தவர் தம் மருந்து முறையை வெளியிட விரும்பாவிடின் அதனைக் கேட்டு வற்புறுத்தல் கூடாது. செடியின் அடையாளம் போதும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஏதேனும் ஒன்றில், கிழங்கு எடுக்கும் முறையைப் பற்றித் தீர்மானம் கொண்டுவரலாம். காப்புக்காட்டுப் பகுதியாயின் வனத்துறையினரையும் அக்கூட்டத்துக்கு அழைப்பது முறை.

காட்டை மட்டும் நம்பியிராமல் சொந்தத் தோட்டத்தில் ஆட்டுக்காலைப் பெருக்கவும் வழியுண்டு. தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது, வளர்நுனியும் அடிவேரும் சேர்ந்த துண்டை ஒரு சாண் நீளத்தில் எடுத்து, சொரசொரப்பான பட்டையுள்ள பலா போன்ற நிழல் மரத்தின் கவட்டில், ஈரப் பாசியையும் மக்கிய சருகையும் அடியில் வைத்துத் தேங்காய் நார்க்கயிற்றால் கட்ட வேண்டும். நுனியைக் கயிறு அழுத்தலாகாது; மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். மழையில்லாத நாட்களில் தண்ணீர் தெளித்துவந்தால் வேர்கள் பட்டையைப் பற்றிக்கொள்ளும். அதன்பின் கயிறு வேண்டியதில்லை. வாழவந்திப் பக்கத்தில் காப்பித் தோட்டமுள்ள குடியானவர் மூவர் வரும் பருவத்தில் இதனைச் செய்து பார்க்க இசைந்துள்ளனர். துண்டுகளை அந்த அம்மையாரே தெரிந்தெடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை கட்டினோம், எத்தனை பிடித்தன என்னும் கணக்கை அடுத்த ஆண்டு இவ்விதழிலேயே எழுதுவேன்.